பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 16 வயது, ஆவணியில் கல்யாணம். 1098-க்குச் சொன்னால் என்ன நடக்கும்?

பக்கத்துவீட்டுக்காரி:

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர், பெயர் வேண்டாம். அடுத்த வீட்டுப் பெண் இந்த வருடம்தான் பத்தாவது முடித்தாள், 400-க்கு மேல் மார்க். அப்பா குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவுக்குப் பெங்களூரில் கட்டட வேலை, எப்போதாவதுதான் ஊருக்கு வருவார், இவளும் தம்பியும் பாட்டியோடு இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் திறந்து இத்தனை நாளாகியும் பதினொன்றாவதில் சேர்க்கவில்லை, கேட்டால் பாட்டி மழுப்பிக்கொண்டே இருந்தார். இப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. தாய்மாமனுக்கே பேசி முடித்து வெற்றிலை பாக்கும் மாற்றியாயிற்றாம், ஆடி போகட்டும் என்று காத்திருக்கிறார்கள், ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம்.

மாமனுக்கு 28 வயது இருக்கும். டிப்பர் லாரி ஓட்டுகிறார். ஆள் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது செலவெல்லாம் அவர்தான் பார்த்தார். அம்மாவிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். "வயசுப் பிள்ளையைக் கிழவிகிட்ட விட்டுட்டு நான் பெங்களூர்ல எப்படி நிம்மதியா செங்கல் தூக்குறது, என் தம்பிதானே, வெளியாளா?" என்று கேட்டார். பாட்டியோ ஆதார் கார்டில் பதினெட்டு முடிந்துவிட்டது என்கிறார். அது எப்படி முடிந்தது என்று அவருக்குத்தான் வெளிச்சம்.

பெண் என்னிடம் நேராக எதுவும் சொல்லவில்லை. "அக்கா, பதினொன்றாவது புத்தகம் உங்களுக்குத் தெரிந்தவங்ககிட்ட இருக்குமா" என்று மட்டும் கேட்டாள்.

குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் பயமாக இருக்கிறது. நான்தான் சொன்னேன் என்று தெரிந்தால் இந்தத் தெருவில் குடியிருக்க முடியாது. அம்மாவை ஜெயிலில் போட்டுவிடுவார்களா? பெண்ணை ஏதாவது ஹோமில் கொண்டுபோய் அடைத்துவிடுவார்களா? அப்படியென்றால் நான் நல்லது செய்கிறேனா கெட்டது செய்கிறேனா என்றே புரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நேர்பேச்சு:

சகோதரி, தப்பாக நினைக்காதீர்கள், இதில் தலையிடாமல் இருப்பதே நல்லது. என் சொந்தத்தில் ஒரு பையன் போக்சோவில் உள்ளே போய் வந்தான், அந்தக் குடும்பம் இன்னும் எழுந்திருக்கவில்லை. அதிகாரி வருவார், போலீஸ் வரும், ஊர் கூடும், போட்டோ எடுப்பார்கள், அதற்கப்புறம் அந்தப் பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள்? தாய்மாமன் நல்லவர் என்று நீங்களே சொல்கிறீர்கள். ஊர்ப் பெரியவர் யாரையாவது வைத்து "இரண்டு வருஷம் பொறுங்கப்பா" என்று சொல்லவைத்தால் போதும். போன் போட்டு நாம் நல்லவர் ஆகிவிடலாம், வாழப்போவது அவர்கள்.

பழைய_டீச்சர்:

"யார் கட்டிக்கொள்வார்கள்" என்பதுதான் நேர்பேச்சு தம்பிக்கு முதலில் தோன்றுகிறது பாருங்கள். 16 வயதுப் பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

முப்பது வருடத்துக்கு மேல் அதே பக்கத்து மாவட்டங்களில் அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்தவள் நான். காலாண்டுப் பரீட்சைக்கு ஒரு பெண் வரவில்லை என்றால் காய்ச்சலா கல்யாணமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை. வீட்டுக்கு ஆள் அனுப்பினால் "பாட்டி ஊருக்குப் போயிருக்கா" என்பார்கள். தை பிறந்தபின் கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு டிசி வாங்க வருவாள். நிற்கவைத்து என்ன கேட்பது?

தங்கச்சி, நீங்கள் முதலில் பார்க்க வேண்டிய ஆள் அவள் படித்த பள்ளியின் தலைமையாசிரியர். பள்ளிப் பதிவேட்டில் பிறந்த தேதி இருக்கும், ஆதார் கதையெல்லாம் அங்கே எடுபடாது. தலைமையாசிரியரே 1098-க்கோ மாவட்டச் சமூக நல அலுவலருக்கோ சொல்லலாம், "பத்தாவது முடித்தவர்களில் யார் யார் மேலே சேரவில்லை என்று பார்த்தோம், இந்தப் பெண் விடுபட்டிருக்கிறாள்" என்று சொன்னால் அது அவர் வேலையில் சேர்ந்தது. உங்கள் பெயரே அதில் வராது.

வடமாவட்ட_ஆலோசகர்:

நான் ஒரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒப்பந்த அடிப்படையில் ஆலோசகராக இருந்தேன், இப்போது இல்லை. உள்ளே நடப்பதைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

1098 இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். முன்பு சைல்டுலைன் என்ற தொண்டு அமைப்பு நடத்தியது, 2023-லிருந்து அரசே நடத்துகிறது. உங்கள் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, கேட்டாலும் "சொல்ல விருப்பமில்லை" என்று சொல்லிவிடலாம். பெண்ணின் பெயர், ஊர், வீட்டு அடையாளம், எந்தப் பள்ளி, கல்யாணத் தேதி, இவ்வளவு இருந்தால் போதும். அங்கிருந்து மாவட்ட அலகுக்குத் தகவல் வரும். சட்டப்படி ஒவ்வொரு இடத்திலும் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு மாவட்டச் சமூக நல அலுவலரிடம் இருக்கிறது. அவருடைய ஆட்கள், நம் அலகு ஆள், தேவைப்பட்டால் காவலர், விஏஓ என்று சேர்ந்து வீட்டுக்குப் போவார்கள். வயதுக்கு முதலில் பார்ப்பது பள்ளிச் சான்று, அது இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. இந்த வரிசை இளைஞர் நீதிச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆதார் பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது என்று உச்ச நீதிமன்றமும் 2024-இல் சொல்லிவிட்டது, அதனால் பாட்டியின் கார்டு செல்லாது.

ஹோம் பற்றிக் கேட்டீர்கள். கல்யாணம் செய்துவைக்கப்படும் அபாயத்தில் இருக்கும் குழந்தையை அந்தச் சட்டம் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்கிறது. அதனால் அவளைக் குழந்தைகள் நலக் குழு முன்னால் அழைத்துப்போவார்கள், தலைவர் ஒருவரும் உறுப்பினர் நான்கு பேரும் இருப்பார்கள், குறைந்தது ஒருவராவது பெண். அது கோர்ட் மாதிரி கூண்டு இல்லை, மேஜைக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசுவார்கள். பெண் "வீட்டுக்குப் போகிறேன், ஆனால் கல்யாணம் வேண்டாம்" என்றால், வீடும் பாதுகாப்பானது என்று குழுவுக்குத் தோன்றினால், அம்மாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவதுதான் பெரும்பாலும் நடப்பது. இல்லத்தில் தங்கவைப்பது வேறு வழியே இல்லாதபோதுதான், சட்டமும் அதைத்தான் சொல்கிறது. சில நாள் தங்கும்படி ஆகலாம், அதை மறைக்கவில்லை. இடம் எல்லா ஊரிலும் ஒரே தரத்தில் இருக்காது, அதையும் மறைக்கவில்லை.

நேர்பேச்சு சொல்வதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன், பெரியவர்களை வைத்துப் பேசுவது சில வீட்டில் பலிக்கும். ஆனால் அதை முதலில் செய்தால் இன்னொன்றும் நடக்கும். ஆவணியில் வைத்திருந்த கல்யாணத்தை ஆடியிலேயே ஏதாவது கோயிலில் ராத்திரியோடு ராத்திரியாக முடித்துவிடுவார்கள். விஷயம் வெளியே தெரிந்துவிட்டது என்ற பயம் வந்தால் முகூர்த்தமெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. அதனால் முதலில் பெண்ணிடம் தனியாகப் பேசுங்கள், அவளுக்கு என்ன வேண்டும் என்று அவள் வாயால் வரட்டும், அப்புறம் டீச்சர் அம்மா சொன்னபடி தலைமையாசிரியர், அப்புறம் 1098. குடும்பத்தோடு பேசுவது கடைசியில், அதுவும் அதிகாரிகள் பேசட்டும். முகூர்த்த நாள் வரை காத்திருக்க வேண்டாம். மண்டபத்தில் போய் நிறுத்துவதுபோல ஒரு பெண்ணுக்கு அவமானம் வேறு கிடையாது. சமைத்த சோறு, வந்த சனம், அழுகிற அம்மா, எல்லாப் பழியும் அந்தப் பிள்ளை தலையில் விழும்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அப்பா இல்லை என்கிறீர்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு என்று ஒன்று உண்டு, கணவரை இழந்த தாயின் பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய், கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000-க்குள், நகரத்தில் 96,000-க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் அதே மாவட்ட அலகில்தான், குழுவும் பரிந்துரைக்கலாம். பணம் உடனே வராது, ஒதுக்கீடு இருந்தால்தான் வரும், ஆனாலும் போட்டுவைக்க வேண்டும். "தப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் அந்த அம்மா மறுபடி அதே இடத்துக்குத்தான் வருவார். பிள்ளையை எங்கே விடுவது என்ற அவருடைய கேள்விக்கு யாரோ பதில் சொல்ல வேண்டுமில்லையா.

சாமந்தி:

எனக்கும் 16-இல்தான் கல்யாணம். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

என் கல்யாணத்தையும் நிறுத்தினார்கள். யார் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரிந்தால் கும்பிடுவேன். ஜீப்பில் வந்தார்கள், அப்பாவிடம் எழுதி வாங்கினார்கள், நான் இரண்டு கையெழுத்துப் போட்டேன், ஜீப் போய்விட்டது. அந்த மாதமே சித்தப்பா ஊருக்குக் கூட்டிப்போய், அது வேறு மாவட்டம், வீட்டுக்குள்ளேயே கதவைச் சாத்தித் தாலி கட்டவைத்தார்கள். வந்த அதிகாரிகளில் ஒருவர்கூடத் திரும்ப வந்து "பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாளா" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன் என்று சொல்ல வரவில்லை, ஆனால் கேட்டிருக்கலாம்.

அடுத்த வருடம் பிரசவம். ஆஸ்பத்திரியில் வயது கேட்டால் 19 என்று சொல்லச் சொல்லி மாமியார் பாடம் படித்துக்கொடுத்தார். எனக்கு ரத்தம் குறைவு, எடையும் இல்லை, நர்ஸ் என்னையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார், எழுதிக்கொண்டார். கல்யாணம் வேண்டாம் என்று கோர்ட்டுக்குப் போக எனக்கு வழி இருந்தது என்பது 26 வயதில்தான் தெரிந்தது. அதற்குள் அந்தக் கெடு தாண்டிவிட்டது.

அதனால் அக்கா, போன் போடுங்கள். போட்டதோடு விடாதீர்கள். நீங்கள் பக்கத்து வீடு, தினமும் பார்க்கிற ஆள் நீங்கள்தான். ஒரு மாதம் கழித்து அவள் யூனிபாரம் போட்டிருக்கிறாளா என்று பாருங்கள்.

நேர்பேச்சு அண்ணா, என்னை ஒருவர் கட்டிக்கொண்டார். அதில்தான் பிரச்சினையே.

நேர்பேச்சு:

சாமந்தி, நீங்கள் சொல்வதற்கு எதிராக என்னிடம் வார்த்தை இல்லை. ஆனால் என் சொந்தக்காரப் பையன் விஷயம் வேறு மாதிரி, அவனுக்கு 19, அவளுக்கு 17, இரண்டு பேரும் விரும்பித்தான் போனார்கள். சட்டம் அதையும் இதையும் ஒரே தராசில் போடுகிறது, அந்தக் கோபம் எனக்கு இருக்கிறது.

கோர்ட்டு_வாசல்:

நேர்பேச்சு, விரும்பிப் போன பிள்ளைகள் வழக்கு தனி விவாதம், நீதிமன்றங்களே அதில் இரண்டு மனதாக இருக்கின்றன, வேறு திரி போடுங்கள், வருகிறேன். இங்கே 28 வயது ஆள், 16 வயதுப் பெண், அவளை யாரும் கேட்கவும் இல்லை.

சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. கட்டிக்கொள்கிற ஆணுக்கு 18 தாண்டியிருந்தால் அவருக்கு இரண்டு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நடத்திவைப்பவருக்கும் துணைபோகிறவருக்கும் அதே அளவு, அதாவது ஐயர், மண்டபக்காரர் எல்லோரும் யோசிக்க வேண்டும். தெரிந்தே பந்தியில் உட்காரும் சொந்தக்காரருக்கும் வரலாம், 'கலந்துகொள்வது' என்ற வார்த்தை பிரிவு 11-இல் இருக்கிறது. ஆனால் அதே பிரிவு பெண்களுக்குச் சிறைத் தண்டனை கிடையாது என்றும் சொல்கிறது. பக்கத்துவீட்டுக்காரி, அம்மா ஜெயிலுக்குப் போவாரா என்று கேட்டீர்களே, தண்டனையாக இந்தச் சட்டத்தில் ஜெயில் இல்லை, அபராதம் உண்டு. கல்யாணமே நடக்காமல் நின்றுவிட்டால் பெரும்பாலும் எழுதி வாங்குவதோடு போய்விடும்.

வெற்றிலை பாக்கு மாற்றியது மட்டும் இன்றைக்கு இந்தச் சட்டப்படி குற்றம் இல்லை. நிச்சயதார்த்தத்தைச் சட்டம் தொடவில்லை, அதையும் தடைசெய்வது பற்றி நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் "நிச்சயம்தானே ஆயிருக்கு, எங்களை என்ன செய்வீங்க" என்று கேட்பார்கள். அதற்குத்தான் பிரிவு 13. கல்யாணத் தேதி தெரிந்தால் மாஜிஸ்திரேட்டிடம் தடை உத்தரவு வாங்கலாம், தடுப்பு அலுவலர் கேட்கலாம், விஷயம் நேராகத் தெரிந்த யாரும் கேட்கலாம், அவசரம் என்றால் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் இல்லாமலே இடைக்காலத் தடை தரவும் அதிகாரம் இருக்கிறது. இந்த உத்தரவு கையில் இருந்தால் வித்தியாசம் பெரிது, அதை மீறிக் கட்டும் தாலி சட்டப்படி செல்லவே செல்லாது. வெறும் எழுதி வாங்கின காகிதத்துக்கு அந்தப் பலம் இல்லை, சாமந்திக்கு நடந்ததே சாட்சி. அதனால் அதிகாரிகளிடம் இதை வாய்விட்டுக் கேட்க வேண்டும், அவர்களாகச் செய்வது அபூர்வம்.

உத்தரவு இல்லாமல் நடந்துவிட்டால் பொதுவாக அந்தக் கல்யாணம் தானாக ரத்தாகாது. பெண் மாவட்ட நீதிமன்றத்தில் கேட்டு ரத்துசெய்துகொள்ளலாம், 18 முடிந்து இரண்டு வருடம் வரை. சாமந்தி சொன்ன கெடு இதுதான். ரத்தானாலும் பிறந்த பிள்ளைக்கு உரிமை போகாது, பெண்ணுக்கு ஜீவனாம்சமும் உண்டு. கர்நாடகத்தில் இதைத் திருத்தி, இப்படிக் கட்டும் கல்யாணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று ஆக்கிவிட்டார்கள். அம்மா பெங்களூரில் இருப்பதால் சொல்கிறேன், அங்கே கூட்டிப்போய் முடித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்லக்கூடும்.

கடைசியாக மாமனுக்கு யாராவது காதில் போட வேண்டியது. 18 வயதுக்குக் கீழே மனைவியாக இருந்தாலும் உடலுறவு பாலியல் வன்கொடுமைதான் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது, 2024 ஜூலையில் வந்த புதிய குற்றச் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. போக்சோ தனி. லாரி ஓட்டிப் பிழைக்கிற மனிதர், லைசென்ஸ், வேலை, எல்லாம் போய் உள்ளே உட்கார வேண்டிவரும். அவர் நல்லவர்தான் என்றால் இது அவருக்கும் உதவி.

பக்கத்துவீட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. சாமந்தி, உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

பெண்ணிடம் பேசினேன். மாடியில் துணி எடுக்க வந்தாள், நேராகவே கேட்டுவிட்டேன். "மாமாகிட்ட வாங்கின பணத்தை யார்க்கா திருப்பிக் குடுக்கிறது" என்கிறாள். அதுதான் வீட்டில் பேச்சாம். ஆஸ்பத்திரிச் செலவு, பாட்டி வீட்டு ஓடு மாற்றியது என்று எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்குப் பக்கம், மாமன் வாய்விட்டுக் கேட்டதே இல்லையாம், ஆனால் அம்மாவுக்கு அது நெஞ்சில் நிற்கிறது. படிக்க ஆசையா என்று கேட்டேன். நர்சிங் என்றாள். கல்யாணம் என்றதும் பேச்சை மாற்றிவிட்டாள், பிறகு படியிறங்கும்போது "வேணாம்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

நாளைக்குத் தலைமையாசிரியரைப் பார்க்கப் போகிறேன். விடுதி கிடைக்குமா? அம்மாவின் பயம் பாட்டியிடம் விட்டுப்போவதுதான் என்றால் விடுதியில் இருந்தால் சமாதானம் ஆவாரா?

பழைய_டீச்சர்:

ஆவார். நான் பார்த்த வரையில் பாதிப் பேர் அதற்குத்தான் சமாதானம் ஆனார்கள். பிள்ளை பாதுகாப்பாக ஓரிடத்தில் இருக்கிறாள் என்று தெரிந்தால் கல்யாணத்துக்கு என்ன அவசரம்?

ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம் இரண்டிலும் பெண்கள் விடுதி உண்டு, இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, டிசி கேட்பார்கள். தாமதமாகிவிட்டது என்று முதலில் கைவிரிப்பார்கள், தலைமையாசிரியர் கடிதமும் குழந்தைகள் நலக் குழுவின் கடிதமும் இருந்தால் பேசிப் பார்க்க இடம் உண்டு. நர்சிங் என்றால் உயிரியல் எடுக்க வேண்டும், அந்தப் பிரிவு எந்தப் பள்ளியில் இருக்கிறதோ அதன் பக்கத்து விடுதியாகப் பாருங்கள், இல்லாவிட்டால் சேர்ந்த பிறகு தொல்லை. அப்புறம் அம்மாவிடம் புதுமைப்பெண் திட்டத்தையும் சொல்லுங்கள், ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேற்படிப்பில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். அது 2022-இல் தொடங்கியது, என் பழைய மாணவிகள் வாங்குகிறார்கள்.

கோர்ட்டு_வாசல்:

கடன் விஷயம். மாமன் கொடுத்தது கைமாற்று, அவ்வளவுதான். கல்யாணம் நிற்பதால் அந்தக் கடன் ஏறவும் செய்யாது இறங்கவும் செய்யாது. பத்திரம், புரோநோட்டு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டுவையுங்கள், இருந்தால் அதில் பெண்ணின் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள், மைனர் கையெழுத்துச் செல்லாது. அம்மா தவணையாகக் கொடுக்க நினைத்தால் அக்காவும் தம்பியும் உட்கார்ந்து பேசிக்கொள்ளட்டும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள், பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்ப்பதில்லை.

வடமாவட்ட_ஆலோசகர்:

பக்கத்துவீட்டுக்காரி, தலைமையாசிரியரிடம் பேசியவுடன் அன்றைக்கே 1098-க்கும் சொல்லிவிடுங்கள், அவர் செய்வார் என்று விட்டுவிட வேண்டாம். புகாருக்கு ஒரு எண் தருவார்களா என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் வந்துபோன பிறகு அடுத்த வாரம் அதே எண்ணைச் சொல்லி "தடை உத்தரவு கேட்டீர்களா, பிள்ளை எங்கே சேர்ந்தாள்" என்று மறுபடி அழையுங்கள். அலுவலகத்தில் இருந்தவன் சொல்கிறேன், இரண்டாவது போன் வருகிற கோப்பு மேலே ஏறும்.